திரும்பிப் போகும் முகவரியை எங்கே வைப்பது? ரிகர்ஷன் வந்த வழி

4 பிப்ரவரி, வாசகர் கேள்வி

1957-இல் வந்த ஃபோர்ட்ரான் என்ற புரோகிராமிங் மொழியை உருவாக்கியவர்களுக்கு ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே அழைப்பது) என்பதே புரியவில்லை, அதனால்தான் அதில் அது இல்லை. லிஸ்ப் என்ற மொழி வந்து கண்ணைத் திறந்துவிட்டது, ஆல்கால் என்ற மொழி அதைக் காப்பியடித்தது. இதுதானே நடந்தது? இன்னொன்று: காலேஜில் ரிகர்ஷன் ரிகர்ஷன் என்று உயிரை எடுத்தார்கள். வேலைக்கு வந்தால் டீம் லீட் "அதை எழுதாதே" என்கிறார். யார் சொல்வது சரி?

5 பிப்ரவரி, காலை

"புரியவில்லை" என்பதை முதலில் தூக்கிப் போடுங்கள். ஜான் பேக்கஸும் அவர் குழுவும் ஐபிஎம் 704 கம்ப்யூட்டருக்காக 1954-இல் ஆரம்பித்த ஃபோர்ட்ரான் வேலை 1957 ஏப்ரலில் வெளியே வந்தது. அவர்களுக்கு இருந்த பெரிய பயம் வேகம்தான். கம்பைலர் (நாம் எழுதியதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் புரோகிராம்) தரும் கோட், கையால் எழுதியதில் பாதி வேகத்தில் ஓடினால் ஒருவரும் தொடமாட்டார்கள் என்று நினைத்தார்கள். 704-இல் இன்டெக்ஸ் ரெஜிஸ்டர் (லூப் எண்ணிக்கையை வைக்கும் வேகமான சின்ன நினைவிடம்) மொத்தமே 3. அந்த மூன்றையும் எந்த லூப்புக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய, புரோகிராம் எந்தக் கிளையில் எவ்வளவு அடிக்கடி போகும் என்பதைக் கம்பைலருக்குள்ளேயே மான்டி கார்லோ முறையில் (தற்செயல் எண்களை வைத்து) ஓட்டிப் பார்த்தார்கள். இதைச் செய்த ஆட்களுக்கு ரிகர்ஷன் புரியாது என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது?

தவிர, முதல் ஃபோர்ட்ரானில் நாமாக ஒரு சப்ரூட்டீன் (அழைத்ததும் ஓடி, முடிந்ததும் அழைத்த இடத்துக்கே திரும்பும் தனித் துண்டு) எழுதித் தனியாகக் கம்பைல் செய்யும் வசதியே கிடையாது. அது 1958-இல் ஃபோர்ட்ரான் இரண்டில்தான் வந்தது. சப்ரூட்டீனே இல்லாத இடத்தில் அது தன்னைத்தானே அழைக்கவில்லை என்று குறைப்பட என்ன இருக்கிறது?

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்கலாம். சப்ரூட்டீன் முடிந்ததும் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்ற முகவரியை அந்தக் காலத்தில் எங்கே எழுதி வைத்தார்கள்? அதன் உள்மாறிகள் எங்கே இருந்தன? முக்கால்வாசி விஷயம் இதிலேயே இருக்கிறது. இரவில் எழுதுகிறேன், ஆபீஸ் நேரம்.

5 பிப்ரவரி, இரவு

கேம்பிரிட்ஜின் எட்சாக் கம்ப்யூட்டர் 1949 மே 6 அன்று முதல் புரோகிராமை ஓட்டியது. அதில் "சப்ரூட்டீனுக்குப் போ, திரும்பும் இடத்தை நினைவில் வை" என்று ஒரே கட்டளை கிடையாது. தாவு என்றால் தாவும், அவ்வளவுதான். திரும்பி வருவது உங்கள் பாடு.

அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த டேவிட் வீலர் கண்டுபிடித்த தந்திரம்தான் வீலர் ஜம்ப். அழைக்கிறவன், தான் இருக்கும் இடத்திலுள்ள கட்டளையையே அக்யுமுலேட்டரில் (கணக்கு நடக்கும் ரெஜிஸ்டரில்) ஏற்றிக்கொண்டு சப்ரூட்டீனுக்குத் தாவுவான். அந்தக் கட்டளைக்குள்ளேயே அவன் முகவரி இருக்கிறது. சப்ரூட்டீன் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அதோடு ஒரு மாறிலியைக் கூட்டும். கூட்டியதும் அது "இன்ன இடத்துக்குத் திரும்பிப் போ" என்ற தாவல் கட்டளையாக மாறிவிடும். அதைத் தன் கடைசி வரியில் தானே எழுதிக்கொள்ளும். அப்புறம் வேலையைப் பார்க்கும்.

ஆக, திரும்பும் முகவரி சப்ரூட்டீனின் உடம்பிலேயே, ஒரே ஓர் இடத்தில் இருந்தது. இப்போது அந்த சப்ரூட்டீன் தன்னைத்தானே அழைத்தால்? இரண்டாவது அழைப்பு முதல் அழைப்பின் முகவரியை அழித்து எழுதிவிடும். உள்ளே போனது வெளியே வரும். வெளியே இருந்தது வீட்டுக்குப் போகாது, அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இதைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்சாக் குழுவின் வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951-இல் வெளியிட்ட புத்தகம் முழுக்க இப்படித் தயாராக எழுதி வைத்த சப்ரூட்டீன்களின் நூலகம் பற்றியதுதான். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாட்டுக்கு அடிப்படையே இந்தச் சின்னத் தந்திரம்.

7 பிப்ரவரி

இந்த இழையில் ஒருவர், "அந்தக் காலத்தில் ஸ்டாக் என்ற யோசனையே யாருக்கும் வரவில்லை" என்று எழுதியிருக்கிறார். வந்தது. ஸ்டாக் என்றால் கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு. டூரிங் 1945-இன் கடைசியில் எழுதிய ஏஸ் இயந்திரத் திட்ட அறிக்கையில், திரும்பும் குறிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைத்து வைத்து, கடைசியாகப் புதைத்ததை முதலில் தோண்டி எடுக்கும் முறை இருக்கிறது. பரி (புதை), அன்பரி (தோண்டு) என்றே பெயர் வைத்திருந்தார். வீலருக்கும் முந்தியது. அந்தத் திட்டத்தில் இருந்தபடி முழு ஏஸ் கட்டப்படவில்லை. வேறு வடிவில் சிறியதாக ஒரு பைலட் ஏஸ் 1950-இல் ஓடியது.

பிறகு 1957-இல் மியூனிக்கில் பவுவரும் சாமெல்சனும் ஸ்டாக்கை வைத்துக் கணக்குச் சூத்திரங்களைப் பிரித்து மதிப்பிடும் முறைக்குக் காப்புரிமை கேட்டார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில் ஆஸ்திரேலியாவில் சார்லஸ் ஹாம்ப்ளின் என்ற தத்துவப் பேராசிரியர் அதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார். யோசனைக்குப் பஞ்சமே இல்லை. அதை நுழைக்க ஒரு மொழி இடம் கொடுக்க வேண்டியிருந்தது.

8 பிப்ரவரி

லிஸ்ப் பக்கம் வருகிறேன். இங்கே அனேகமாக யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது.

லிஸ்பை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி 704-இல் ஃபோர்ட்ரானை வைத்து சதுரங்க நகர்வுகளுக்கான புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். நிபந்தனை சரியென்றால் இந்த மதிப்பு, இல்லையென்றால் அந்த மதிப்பு என்று தரும் ஒரு ஃபங்ஷன் தேவைப்பட்டது. எழுதினார். அதில் ஒரு வில்லங்கம்: ஃபங்ஷனுக்குள் போவதற்கு முன்பே இரண்டு மதிப்புகளையும் கணக்கிட்டாக வேண்டும், பயன்படப் போவது ஒன்றுதான் என்றாலும். அவரை உறுத்தியது முதலில் வீண் செலவுதான். அதனால், தேவைப்படும் கிளையை மட்டும் கணக்கிடும் நிபந்தனைக் கோவையை யோசித்தார்.

இப்போது அந்தப் பழைய ஃபங்ஷனை வைத்து ஃபேக்டோரியல் எழுதிப் பாருங்கள். எண் பூஜ்யமானால் 1, இல்லையென்றால் எண் பெருக்கல் ஃபேக்டோரியல் (எண் - 1). இரண்டு கிளையையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும் என்றால் இது எப்போது நிற்கும்? நிற்கவே நிற்காது. பூஜ்யத்தைத் தாண்டி மைனஸில் ஓடிக்கொண்டே இருக்கும். ரிகர்ஷனுக்கு ஸ்டாக் மட்டும் போதாது, தேவையில்லாததைக் கணக்கிடாமல் விடுகிற நிபந்தனையும் வேண்டும். மெக்கார்த்தி இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்தார். சேமிக்க ஒரு ரூட்டீன், எடுக்க ஒரு ரூட்டீன், நடுவில் எல்லா ஃபங்ஷன்களுக்கும் பொதுவான ஒரே ஸ்டாக். மாறிகளின் மதிப்பும் திரும்பும் முகவரியும் அதில் போய் உட்காரும். 704-க்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது, எல்லாம் சாஃப்ட்வேர் வேலை.

லிஸ்ப் பற்றிய அவருடைய கட்டுரை 1960 ஏப்ரலில் அச்சானது. அதில் காகிதத்தில் மட்டும் இருந்த இவால் ஃபங்ஷனை (லிஸ்ப் கோவையை மதிப்பிடுவது) அவர் குழுவிலிருந்த ஸ்டீவ் ரஸ்ஸல் கையால் மெஷின் கோடாக மாற்றி ஓடவைத்துவிட்டார். மெக்கார்த்தியே அதை எதிர்பார்க்கவில்லை.

8 பிப்ரவரி, பின்குறிப்பு

லிஸ்ப் என்றதும் இதைச் சொல்லாமல் போக மனசில்லை. எம்ஐடியில் தொழில் நிறுவன ஆட்களைக் கூப்பிட்டு லிஸ்பை 704-இல் நேரடியாக ஓட்டிக் காட்டினார்கள். நடுவில் மெமரி தீர்ந்துபோக, கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத மெமரியை மீட்கும் பகுதி) விழித்துக்கொண்டது. நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும் டைப்ரைட்டரில், "கார்பேஜ் கலெக்டர் அழைக்கப்பட்டுள்ளது, சில சுவாரசியமான புள்ளிவிவரங்கள் பின்வருமாறு" என்று பக்கம் பக்கமாக அடிக்க ஆரம்பித்தது. ஒதுக்கிய நேரம் அதிலேயே போய்விட்டது. பார்வையாளர்கள் யாரோ கேலி பண்ணுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தார்களாம். டெமோ நாளில் லாக் லெவலை (புரோகிராம் தானாக அடிக்கும் குறிப்புகளின் அளவை) குறைக்க மறப்பது அந்தக் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

11 பிப்ரவரி

ஆல்கால் "காப்பியடித்தது" என்ற பகுதிக்கு வருவோம். நடந்தது அதைவிடக் குழப்பமானது.

1960 ஜனவரி 11 முதல் 16 வரை பாரிஸில் 13 பேர் உட்கார்ந்து ஆல்கால் 60-ஐ முடிவு செய்தார்கள். பேக்கஸும் மெக்கார்த்தியும் அதில் உண்டு. சப்ரூட்டீனுக்கு முன்னால் "இது ரிகர்சிவ்" என்று அறிவிக்கும் ஒரு சொல்லைச் சேர்க்கலாமா என்ற யோசனை வந்தது. ஓட்டெடுப்பில் தோற்றது. கோப்பு மூடப்பட்டது என்றுதான் பலர் நினைத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள்.

அறிக்கையை எழுதும் பொறுப்பு கோபன்ஹேகனிலிருந்த பீட்டர் நாவருக்கு. பிப்ரவரி 10 வாக்கில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து தொலைபேசி. பேசியவர்கள் அங்கிருந்த கணினி ஆராய்ச்சியாளர்கள் வான் வெய்ன்கார்டனும் டிஜ்க்ஸ்ட்ராவும். அறிக்கையில் ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னார்கள். விஷயம் இதுதான்: ஒரு புரொசீஜரின் (ஆல்காலில் சப்ரூட்டீனுக்குப் பெயர்) உடம்புக்குள் அதன் பெயரே வந்தால் (மதிப்பை எழுதும் இடத்தைத் தவிர) அது அந்த புரொசீஜரை இயக்குவதாகப் பொருள். நாவருக்கு அது பிடித்துப்போய்ச் சேர்த்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தில் ரிகர்ஷன் உள்ளே வந்துவிட்டது, தனியாக எந்தச் சொல்லும் இல்லாமல். தோற்ற யோசனை கேட்டதைவிட இது அதிகம்.

பவுவர் பல வருடம் கழித்தும் இதை ஆம்ஸ்டர்டாம் சதி என்றே எழுதினார். ஸ்டாக்குக்குக் காப்புரிமை கேட்டவரே ரிகர்ஷன் வந்ததற்குக் கோபப்பட்டார்.

12 பிப்ரவரி

"ஒரு போன் காலில் ரிகர்ஷன் நுழைந்தது" என்ற கதை சொல்ல நன்றாக இருக்கிறது. நேற்று நானும் ரசித்துத்தான் சொன்னேன். ஆனால் அதையே முழுக் காரணமாக எடுத்துக்கொண்டால் ஒன்று விட்டுப்போகும்.

ஆல்கால் 60-இல் ஒரு பிளாக்குக்குள் (தனக்கென மாறிகள் உள்ள கோட் துண்டு) நுழையும்போதுதான் அரேயின் (வரிசையாக வைத்த மதிப்புகளின்) அளவு முடிவாகும். இப்போது என்-இன் மதிப்பு 10 என்றால் 10 இடம், அடுத்த தடவை 500 என்றால் 500 இடம். கம்பைல் செய்யும்போது அளவு தெரியாது. ஆகவே பிளாக்குக்குள் போகும்போது இடம் எடுத்து, வெளியே வரும்போது விட்டுவிடும் ஏற்பாடு எப்படியும் வேண்டும். கடைசியாக நுழைந்ததுதான் முதலில் வெளியேறும். அதாவது ஸ்டாக். பாரிஸில் ரிகர்ஷனை வேண்டாம் என்றவர்களே இதை வேண்டும் என்றார்கள். மெமரியை ஓட்டத்தின்போது வளரவிட ஒப்புக்கொண்ட பிறகு, அதே ஸ்டாக்கில் திரும்பும் முகவரியையும் வைப்பதற்கு எவ்வளவு தூரம்? ஆம்ஸ்டர்டாம்காரர்கள் பாதி திறந்திருந்த கதவைத்தான் தள்ளினார்கள்.

அவர்கள் சும்மா பேசவில்லை என்பதற்கும் அத்தாட்சி உண்டு. டிஜ்க்ஸ்ட்ராவும் சோன்னஃபெல்டும் எலக்ட்ரோலாஜிகா எக்ஸ்1 இயந்திரத்துக்கான ஆல்கால் கம்பைலரை அதே வருடம் ஆகஸ்டில் ஓடவிட்டார்கள், ரிகர்ஷனோடு. முடிக்கும்வரை சவரம் செய்வதில்லை என்று இருவரும் பந்தயம் மாதிரி வைத்திருந்தார்கள். சோன்னஃபெல்ட் முடிந்ததும் எடுத்துவிட்டார். டிஜ்க்ஸ்ட்ரா அப்படியே விட்டுவிட்டார். எல்லாப் படத்திலும் பார்க்கும் அந்தத் தாடி இதுதான்.

14 பிப்ரவரி

யாரோ இழையைத் திசை திருப்பி, "ஃபோர்ட்ரானில் கமாவுக்குப் பதில் புள்ளி வைத்ததால் வீனஸுக்குப் போன மாரினர் 1 வெடித்தது" என்று போட்டிருக்கிறார். இந்தக் கதை சாகவே சாகாது.

1962 ஜூலை 22-இல் மாரினர் 1 பாதை தவறி, கிளம்பிய ஐந்து நிமிடத்துக்குள் வேண்டுமென்றே அழிக்கப்பட்டது உண்மை. ராக்கெட்டை வழிநடத்தும் சமன்பாட்டைப் படியெடுத்தபோது, ஒரு குறியின் தலைக்குமேல் இருக்க வேண்டிய கோடு விட்டுப்போனது அதற்குக் காரணம். அந்தக் கோடு இருந்தால் ரேடார் தரும் வேகத்தைச் சராசரியாக்கி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பொருள். அது போனதால் சாதாரணச் சலசலப்பையெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொண்டு ராக்கெட்டைத் திருத்தப் போனார்கள்.

கமா புள்ளி விவகாரம் நாசாவில் மெர்க்குரி திட்டத்துக்கான சுற்றுப்பாதைக் கணக்கு புரோகிராமில் இருந்தது, சேதம் வருவதற்கு முன்பே பிடிபட்டது. ஃபோர்ட்ரான் இடைவெளியைக் கண்டுகொள்ளாது. டூ 10 ஐ = 1,10 என்றால் லூப். கமா புள்ளியானால் டூ10ஐ என்ற ஒரு மாறிக்கு 1.10 என்ற மதிப்பைக் கொடுத்ததாகிவிடும். மாறியை முன்கூட்டி அறிவிக்கத் தேவையில்லாததால் கம்பைலரும் வாயைத் திறக்காது. இரண்டு கதையையும் யாரோ ஒட்டிவிட்டார்கள்.

சரி, ஸ்டாக்குக்குத் திரும்புவோம்.

15 பிப்ரவரி

ரிகர்ஷன் வந்ததால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் நான் குவிக்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையைத்தான் காட்டுவேன்.

டோனி ஹோர் மாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்தபோது ரஷ்ய மொழியிலிருந்து மொழிபெயர்க்கும் வேலையை யோசித்தார். அகராதி காந்த நாடாவில் அகர வரிசையில் இருக்கிறது. வாக்கியத்தின் சொற்களையும் அதே வரிசைக்குக் கொண்டுவந்தால் ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் தேடிவிடலாம். அதற்காக யோசித்த வரிசைப்படுத்தல்தான் குவிக்சார்ட். யோசனை கிடைத்தது, எழுதும் வழிதான் கிடைக்கவில்லை. பிரித்த துண்டுகளில் இன்னும் பார்க்க வேண்டியவற்றை எங்கே குறித்து வைப்பது என்பதில் அவருக்குத் தெரிந்த ஆட்டோகோட் மொழி கைகொடுக்கவில்லை.

1960-இல் எலியட் பிரதர்ஸில் சேர்ந்தார். ஷெல்சார்ட் என்ற இன்னொரு வரிசைப்படுத்தும் முறையை அவர்களுடைய எலியட் 803 கம்ப்யூட்டருக்கு எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியும் என்றார். மேலதிகாரி ஆறு பென்ஸ் பந்தயம் கட்டித் தோற்றார். 1961-இல் பிரைட்டனில் ஆல்கால் வகுப்பு. நடத்தியவர்கள் நாவர், டிஜ்க்ஸ்ட்ரா, லாண்டின். அங்கே ரிகர்சிவ் புரொசீஜர் என்று ஒன்று இருப்பதைப் பார்த்ததும் ஹோர் குவிக்சார்ட்டைச் சில வரிகளில் எழுதிவிட்டார். அந்த ஜூலையிலேயே அச்சில் வந்தது.

மாஸ்கோவில் அவர் தேடிய "எங்கே குறித்து வைப்பது" என்ற கேள்விக்கு ஆல்கால் சொன்ன பதில்: நீ குறிக்க வேண்டாம், நான் வைத்துக்கொள்கிறேன்.

16 பிப்ரவரி

சின்னக் குறிப்பு. ஆல்கால் கம்பைலர் என்று பெயர் வைத்துக்கொண்டு ரிகர்ஷனை அரைகுறையாகச் செய்தவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பிடிக்க கணினி விஞ்ஞானி க்னூத் 1964-இல் சில வரிகளில் ஒரு புரோகிராம் எழுதினார், "ஆளா, பையனா" என்று சோதிக்க. ரிகர்ஷன், உள்ளுக்குள் புரொசீஜர், பெயரால் அனுப்பும் அளவுரு மூன்றும் பின்னிக்கொள்ளும். 10-இல் தொடங்கினால் சரியான விடை மைனஸ் 67. க்னூத் கையால் போட்டுப் பார்த்துத் தந்த முதல் உத்தேசம் மைனஸ் 121, அது சரியில்லை. நான் பைத்தானில் போட்டேன், மைனஸ் 67 வந்தது. தாளில் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு என் அனுதாபங்கள்.

19 பிப்ரவரி

இப்போது கேள்வியின் இரண்டாவது பாதி. டீம் லீட் ஏன் வேண்டாம் என்கிறார்.

நான் எழுதுவது எம்பெடட், அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சின்னச் சில்லுகளுக்கான புரோகிராம். பல வருடம் 8051 குடும்பத்துச் சில்லுகளோடு குடித்தனம். உள்ளே இருக்கும் ராம் 128 பைட். தப்பாகப் படிக்கவில்லை, பைட்தான். இதில் ஸ்டாக், மாறிகள், ரெஜிஸ்டர்கள் எல்லாம் அடங்க வேண்டும். அதனால் இந்தச் சில்லுக்கான சி கம்பைலர்களில் வழக்கமாக உள்மாறிகளை ஸ்டாக்கில் வைக்கமாட்டார்கள். எந்த ஃபங்ஷன் எதை அழைக்கிறது என்ற மரத்தைப் போட்டுப் பார்த்து, ஒரே சமயத்தில் உயிரோடு இருக்க முடியாத இரண்டு ஃபங்ஷன்களின் மாறிகளை ஒரே நிலையான இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார்கள். திரும்பும் முகவரி மட்டும் ஸ்டாக்கில். மாறிகளை நிலையான இடத்தில் வைப்பது 1958 ஃபோர்ட்ரானின் ஏற்பாடேதான்.

கோவைப் பக்கம் ஒரு பம்ப் கன்ட்ரோலர் வேலை. எங்கள் கோடில் வெப்பநிலையைத் திருத்திக் கணக்கிடும் ஒரு ஃபங்ஷன், மெயின் லூப்பிலிருந்தும் அழைக்கப்பட்டது, டைமர் இன்டரப்டிலிருந்தும் (குறித்த நேரத்தில், ஓடும் வேலையை நிறுத்திவிட்டு ஓடும் கோட்) அழைக்கப்பட்டது. மெயின் லூப் அந்த ஃபங்ஷனுக்கு நடுவில் இருக்கும்போது இன்டரப்ட் வந்தால், அதே ஃபங்ஷன் மறுபடி உள்ளே நுழைந்து அதே மாறிகளில் எழுதும். பாத்திரத்தில் சாம்பார் இருக்கும்போதே ரசத்தை அதில் ஊற்றிய கதை. பெரும்பாலும் சரியாக ஓடும். எப்போதாவது பம்ப் காரணமில்லாமல் நிற்கும். யாரும் ரிகர்ஷன் எழுதவில்லை, ஆனால் ரிகர்ஷன் நடந்தது. கம்பைலர் எச்சரிக்கை கொடுத்திருந்தது, நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளுக்கு நடுவில்.

அன்றைக்குத்தான் வீலர் ஜம்ப்பின் வரம்பு எனக்குத் தோலில் உறைத்தது.

20 பிப்ரவரி

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "அப்போ ஸ்டாக் இருந்தால் பிரச்சினை தீர்ந்ததே" என்கிறார் ஒருவர். ஒரு பிரச்சினை தீரும், இன்னொன்று வரும். நிலையான இடம் என்றால் எவ்வளவு மெமரி வேண்டும் என்பது லிங்க் செய்யும்போதே (கம்பைல் செய்த துண்டுகளை ஒன்றாகக் கோக்கும்போதே) தெரியும். பத்தவில்லையென்றால் மேஜையிலேயே தெரிந்துவிடும். ஸ்டாக் என்றால், ரிகர்ஷனும் இருந்தால், எவ்வளவு ஆழம் போகும் என்பது டேட்டாவைப் பொறுத்தது. வாடிக்கையாளர் இடத்தில் நடு ராத்திரியில் தெரியும்.

கார், விமானம் மாதிரி இடங்களில் புழங்கும், சி மொழிக்கான மிஸ்ரா சி விதிகள் ரிகர்ஷனைத் தடுப்பதற்குக் காரணம் இதுதான். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-இல் பத்து விதிகள் எழுதினார். முதல் விதியிலேயே கோடூவும் (நினைத்த வரிக்குத் தாவும் கட்டளை) ரிகர்ஷனும் சேர்ந்து தடை. டிஜ்க்ஸ்ட்ரா விரட்டிய கோடூவும் டிஜ்க்ஸ்ட்ரா கூப்பிட்ட ரிகர்ஷனும் ஒரே வரியில்.

ஆகவே உங்கள் டீம் லீட் எந்தத் துறையில் இருக்கிறார் என்று சொல்லுங்கள். மருத்துவக் கருவி என்றால் அவர் சொல்வதைக் கேளுங்கள். வெப்சைட் என்றால், கோப்புறைக்குள் கோப்புறையாக நடக்க ரிகர்ஷன் எழுதாதே என்பது வெறும் பயம்.

23 பிப்ரவரி

ஹார்ட்வேர்காரர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே பக்கம் போகவில்லை.

பரோஸ் நிறுவனம் 1961-இல் அறிவித்த பி5000, ஆல்காலுக்காகவே செய்த இயந்திரம். ஸ்டாக் ஹார்ட்வேரிலேயே. அந்த வரிசை இயந்திரங்களின் ஆபரேட்டிங் சிஸ்டமே ஆல்காலின் ஒரு வகையில் எழுதப்பட்டது. நேர் எதிராக, 1965-இல் வந்த பிடிபி-8 என்ற சிறிய கம்ப்யூட்டர் திரும்பும் முகவரியை சப்ரூட்டீனின் முதல் சொல்லிலேயே எழுதியது. வீலருக்குப் பிறகு பதினாறு வருடம் கழித்தும் அதே கதை, ஆனால் விலை மலிவு, ஆயிரக்கணக்கில் விற்றது. ஐபிஎம் 360 முகவரியை ஒரு ரெஜிஸ்டரில் கொடுத்துவிட்டு மீதியை உங்கள் தலையில் கட்டியது.

எனக்குப் பிடித்தது இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கேடிஎஃப்9. இரண்டு தனித்தனி ஸ்டாக் வைத்திருந்தது. கணக்குக்கு ஒன்று, திரும்பும் முகவரிகளுக்கு மட்டும் இன்னொன்று, ஒவ்வொன்றும் 16 ஆழம். பதினாறு என்பது ரிகர்ஷனுக்குப் போதவே போதாது, சாஃப்ட்வேர்தான் வெளியே எடுத்து வைத்துச் சமாளிக்க வேண்டும். ஆனால் முகவரியையும் டேட்டாவையும் கலக்காமல் வைத்தது பாருங்கள்.

கலந்து வைத்ததற்கு நாம் கொடுத்த விலை கொஞ்சமில்லை. 1988-இல் மோரிஸ் வார்ம் (இணையத்தில் தானாகப் பரவிய புரோகிராம்) பரவிய வழிகளில் ஒன்று, ஃபிங்கர் சேவையில் (ஒரு பயனர் பற்றிய விவரம் தருவது) ஒரு அரே அளவு தாண்டி நிரம்பி, ஸ்டாக்கில் பக்கத்திலிருந்த திரும்பும் முகவரியை அழித்து எழுதியது. இன்டெல் 2020-இல் டைகர் லேக் சில்லுகளில் திரும்பும் முகவரிகளுக்கு இன்னொரு நகல் ஸ்டாக்கைத் தனியாகக் கொண்டுவந்தது. எண்ணம் கேடிஎஃப்9-க்குப் பக்கத்து வீடு.

24 பிப்ரவரி

நேற்றையதற்கு ஒரு சேர்க்கை. முகவரியைத் தனியாக வைப்பது ஒரு வழி. அரே அளவு தாண்டுவதையே தடுப்பது இன்னொரு வழி, அதுவும் பழசு. ஹோர் குழுவின் எலியட் ஆல்கால் ஒவ்வொரு தடவையும் அரேயின் எல்லையைச் சரிபார்த்தது. வேகம் வேண்டுமென்றால் இதை நிறுத்தும் வசதி தரட்டுமா என்று வாடிக்கையாளர்களைக் கேட்டார்கள். ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். தங்கள் புரோகிராம்களில் அந்தத் தப்பு எவ்வளவு அடிக்கடி பிடிபடுகிறது என்பதை அவர்கள் பார்த்திருந்தார்கள். 1980-இல் டூரிங் விருது உரையில் ஹோரே சொன்ன செய்தி இது. அப்புறம் நாம் சி எழுதினோம்.

2 மார்ச்

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம் ஊரில்?" என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த நேரடித் தொடர்பு ஒன்றுதான். கான்பூர் ஐஐடிக்கு 1963-இல் ஐபிஎம் 1620 வந்தது. அதில் ஃபோர்ட்ரான் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். நாட்டில் பெரிய ஒரு தலைமுறை புரோகிராமிங் கற்றது அவர் புத்தகங்களில். என் ஆசிரியர்களும் அந்த வழியில் வந்தவர்கள்தான். ஃபோர்ட்ரான் 77 வகுப்பில் "ஃபங்ஷன் தன்னைத்தானே அழைக்கக் கூடாது" என்று பலகையில் எழுதிக் கோடு போட்டார்கள். அடுத்த செமஸ்டரில் பாஸ்கல் வந்து, ஹனாய் கோபுரப் புதிரை ரிகர்ஷனில் எழுது என்றது. முதல் விதிக்குக் காரணம் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. இயந்திரத்தில் முகவரி எங்கே இருக்கிறது என்று அப்போது ஒரு படம் போட்டிருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும்.

5 மார்ச்

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, தன்னுடையது பழைய ஃபோர்ட்ரான் கோடைப் புதிய கம்பைலருக்கு மாற்றும் வேலை என்கிறார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

அப்படியானால் உங்களுக்கு வரலாறு நேரடியாகவே உதவும். ஃபோர்ட்ரான் 90-இல் ரிகர்ஷன் அனுமதிக்கப்பட்டது, ஆனால் ஃபங்ஷனுக்கு முன்னால் ரிகர்சிவ் என்று அறிவிக்க வேண்டும். பாரிஸில் தோற்றுப்போன அதே யோசனை, 30 வருடம் கழித்து. ஃபோர்ட்ரான் 2018 தரத்தில் நிலைமை தலைகீழ்: எல்லாமே இயல்பாக ரிகர்சிவ், வேண்டாமென்றால்தான் அறிவிக்க வேண்டும்.

மாற்றும்போது இரண்டு இடத்தில் அடிபடுவீர்கள். ஒன்று, பழைய கோடில் உள்மாறிகள் அடுத்த அழைப்பு வரை மதிப்பை வைத்திருக்கும் என்று நம்பி எழுதியிருப்பார்கள். தரம் அப்படி உறுதி தரவில்லை, அதற்கு சேவ் என்று போட்டிருக்க வேண்டும். ஆனால் கம்பைலர்கள் நிலையான இடத்தில் வைத்ததால் ஓடியது. ஸ்டாக்குக்கு மாறினதும் குப்பை மதிப்பு வரும். இரண்டு, பெரிய உள் அரேக்கள் ஸ்டாக்குக்குப் போனால் புரோகிராம் முதல் வரியிலேயே செக்மென்டேஷன் ஃபால்ட் (தனக்கில்லாத மெமரியைத் தொட்ட பிழை) என்று விழும். ஜிஃபோர்ட்ரான் கம்பைலரில் ஓப்பன்எம்பி (வேலையை இணையாகப் பிரித்து ஓட்டுவது) தேர்வைப் போட்டாலே இது நடக்கும், ஏனென்றால் அது ரிகர்சிவ் தேர்வையும் சேர்த்தே இயக்கிவிடும். முதலில் சேவ் இல்லாத மாறிகளைத் தேடிப் பட்டியல் போடுங்கள். பெரிய அரேக்களை அலொகேட்டபிள் (ஓட்டத்தின்போது ஸ்டாக்குக்கு வெளியே இடம் எடுப்பது) ஆக்குங்கள். யூலிமிட் கட்டளையில் ஸ்டாக் அளவைக் கூட்டுவது அன்றைக்கு ஒரு நாள் தள்ளத்தான் உதவும்.